யாரோடு யார்

மனித ஹீமோகுளோபினின் படிக அமைப்பு ஒன்றைத் திரையில் திறந்து வைத்திருக்கிறேன். ஆக்ஸிஜன் ஏந்திய நிலை. புரதத் தரவு வங்கியில் அதன் எண் 1எச்எச்ஓ. இரண்டு சங்கிலிகள்தான் தெரிகின்றன: ஓர் ஆல்ஃபா, ஒரு பீட்டா. ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபினுக்கோ நான்கு. முதன்முதலாக இதைப் பார்த்த நாளில், கோப்பு பாதியில் அறுந்துவிட்டதென்று நினைத்து மறுபடி மறுபடி இறக்கிப் பார்த்தேன்.

அறுந்துபோகவில்லை. திரும்ப வராத பகுதியை மட்டும் எழுதி வைப்பது படிகவியலின் வழக்கம். ஓர் அச்சைப் பற்றி 180 பாகை சுழற்றினால் மற்ற இரண்டு சங்கிலிகளும் தங்கள் இடத்தில் வந்து உட்காரும்.

வரித்தலை வாத்தின் ஹீமோகுளோபின் கோப்பு 1எச்வி4. அதில் எட்டுச் சங்கிலிகள். இமயத்தைத் தாண்டிப் பறப்பதும், குளிர்காலத்தில் கூந்தன்குளத்துக்கு வருவதும் இதே இனம்தான். அதன் ரத்தத்திலும் நான்கு நான்காகத்தான். படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் துண்டுக்குள் இரண்டு முழு மூலக்கூறுகள் அகப்பட்டிருக்கின்றன, அவ்வளவே.

*

படிகத்துக்குள் தனித்து நிற்கும் மூலக்கூறு கிடையாது. ஒவ்வொன்றும் எல்லாப் பக்கமும் யாரையாவது தொட்டுக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு முந்தின இரவு பேருந்தில் ஏறினால் இப்படித்தான். தோள் உரச நிற்பவர்களில் ஒரே வீட்டுக்குப் போகிறவர்கள் யார்? கொஞ்ச நேரம் பார்த்தால் தெரிந்துவிடும். தூங்கும் குழந்தை ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு, ஒரு சொல்லும் இல்லாமல் மாறும்.

புரதங்களிலும் சில அடையாளங்கள் உண்டு. சங்கிலிகள் சேரும் இடத்தில் எவ்வளவு பரப்பு தண்ணீருக்கு மறைகிறது? தண்ணீரை ஒதுக்கும் அமினோ அமிலங்கள் அங்கே திரண்டிருக்கின்றனவா? அந்த இடம் உயிரினத்துக்கு உயிரினம் மாறாமல் இருக்கிறதா? கிரிசினெலும் ஹென்ரிக்கும் 2007-இல் விவரித்த பிசா என்ற நிரல், இந்தக் கூட்டத்தைக் கரைசலில் விட்டால் நிற்குமா, கலையுமா என்று ஆற்றலைக் கணக்கிட்டுச் சொல்கிறது. நான் பெரிதும் நம்பும் கருவி. ஆனாலும் படிகத்தின் நெரிசலில் பெரிய பரப்பில் ஒட்டிக்கொண்ட அந்நியர்கள் உண்டு. லேசாகத் தொட்டபடி சேர்ந்தே வேலை செய்யும் உறவுகளும் உண்டு.

கோப்பின் 350-ஆம் குறிப்பில் இரண்டு குரல்கள் பதிவாகியிருக்கும். அமைப்பைத் தீர்த்தவர் சொன்ன கூட்டம் ஒன்று, நிரல் சொன்ன கூட்டம் ஒன்று. இரண்டும் ஒத்துப்போகாத இரவுகளில் படிகத்துக்கு வெளியே ஒரு சாட்சியைத் தேடுவேன். ஹீமோகுளோபினுக்கு அந்தச் சாட்சி படத்துக்கு முன்பே வந்துவிட்டது. கேம்பிரிட்ஜில் கில்பர்ட் அடேர் சவ்வூடு அழுத்தத்தை அளந்து, மூலக்கூறுக்கு நான்கு இரும்பு என்று 1925-இல் சொன்னார். மேக்ஸ் பெரூட்ஸின் எக்ஸ் கதிர் வடிவம் வந்தது 1960-இல். அடேரின் கையில் இருந்தது ஒரு கரைசலும் அதன் அழுத்தமும் மட்டும்.

*

எச்ஐவி புரோட்டியேஸ், புரதங்களை வெட்டும் நொதி. 1989-இல் வெளியான முதல் அமைப்புகளில் ஒற்றைச் சங்கிலிதான் எழுதியிருக்கும். தனியே பார்த்தால் பாதி வாய். வெட்டுவதற்கு இரண்டு ஆஸ்பார்டிக் அமிலங்கள் வேண்டும். சங்கிலிக்கு ஒன்று, 25-ஆம் இடத்தில். சமச்சீர் அச்சு அந்த இரண்டுக்கும் நடுவே ஓடுகிறது. மருந்து வந்து அமர்வதும் அங்கேதான்.

*

இன்சுலினிடம் வந்தால் கேள்வியே தடுமாறுகிறது. டோரதி ஹாட்ஜ்கின் 1930-களில் முதல் படம் எடுத்து, 1969-இல் அமைப்பைத் தீர்த்தார். அந்தப் படிகத்தில் இரண்டு மூலக்கூறுகள் ஒரு மும்மடி அச்சைச் சுற்றி ஆறாகின்றன. அச்சின்மேல் இரண்டு துத்தநாக அயனிகள். கணையத்தில் இன்சுலின் சேமிப்பில் இருப்பதும் இந்த அறுவர் கூட்டமாகத்தான். ரத்தத்தில் நீர்த்ததும் பிரிகிறது. செல்லின் ஏற்பியைப் போய்ப் பிடிப்பது ஒற்றை மூலக்கூறு. உடலுக்குள் உண்மையில் சேர்ந்திருக்கும் கூட்டம், அதாவது உயிரியல் கூட்டமைப்பு, எது என்று கேட்டால், எங்கே வைத்துக் கேட்கிறாய் என்கிறது.

பி சங்கிலியின் வாலில் 28, 29-ஆம் அமினோ அமிலங்களை இடம் மாற்றிய லிஸ்ப்ரோ 1996-இல் மருந்தாக வந்தது. இருவர் கோத்த பிடி அதில் தளர்கிறது. சீக்கிரம் பிரிந்து சீக்கிரம் வேலையைத் தொடங்குகிறது.

அம்மா பழைய இன்சுலின்தான் போடுவாள். ஊசிக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. தட்டைக் கழுவி வைத்துவிட்டு சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள். ரசத்தில் சூடு குறையும். அவள் தோலுக்கடியில் அறுவர் இருவர் இருவராக, பிறகு ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருப்பார்கள்.

“ஆச்சா பாரு” என்பாள்.

“இன்னும் கொஞ்சம்மா.”