கொடுக்காத மருந்தின் பொறுப்பு

கர்ப்பிணிக்கு மருந்து தரலாமா என்ற சந்தேகம் எழுந்தால், தராமல் இருந்துவிடுவதே பழிபாவமில்லாத வழி என்று மனம் சட்டென்று தீர்மானித்துவிடுகிறது. செய்த தீங்குக்கு மட்டுமே நாம் பொறுப்பு, செய்யாமல் விட்டதற்கு இல்லை என்னும் அந்த அறக்கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் செம்மறியாட்டுக் கருக்களை ஆராய்ந்துகொண்டிருந்த கிரஹாம் லிக்கின்ஸ், ஸ்டீராய்டு பெற்ற குட்டிகள் காலத்துக்கு வெகு முன்பே பிறந்தும் மூச்சுவிட்டதைக் கவனித்தார். குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து 282 தாய்மார்களிடம் அதைச் சோதித்து, 1972இல் முடிவை வெளியிட்டார். மருந்து பெறாத தாய்மாரின் குறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 26 சதவீதத்துக்கு மூச்சுத்திணறல் நோய் வந்தது. பெற்றவர்களின் குழந்தைகளில் 9 சதவீதத்துக்கே வந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு இந்தச் சிகிச்சையை வலியுறுத்தியதோ 1994இல்தான். இடைப்பட்ட 22 ஆண்டுகளும் மருத்துவர்களில் மிகப் பலர் எச்சரிக்கையின் பேரால் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் இறந்தன. அந்த இறப்புகளை எவரும் யார் கணக்கிலும் எழுதவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

தாலிடோமைடை மறக்கலாமா என்று கேட்பார்கள். மறக்கவே கூடாத கொடுமை அது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த அந்த மாத்திரையால் பல நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஊனத்துடன் பிறந்தன. ஆனால் கருவை அது என்ன செய்யும் என்று முறையாகச் சோதிக்காமலேயே அதை விற்றார்கள். சோதித்துப் பார்த்த பின் கொடு என்பதே அதிலிருந்து கற்றிருக்க வேண்டிய பாடம். கர்ப்பிணிகளை ஆய்விலிருந்தே ஒதுக்கிவிடு என்று நாம் கற்றுக்கொண்டோம். வலிப்பும் ஆஸ்துமாவும் கருவுற்றவளை விட்டுவிடுவதில்லை. ஆகவே அவள் மருந்து உட்கொள்ளத்தான் செய்கிறாள், போதிய ஆய்வின் துணை இல்லாமல். தாலிடோமைடைக் காட்டி எழுப்பும் மறுப்பைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 2015இல் வெளியான ஆறு நாட்டு ஆய்வில், வசதி குறைந்த பகுதிகளில் அதே ஸ்டீராய்டு சிகிச்சையைப் பரவலாக்கியபோது பச்சிளங்குழந்தை இறப்பு கூடியது. நிறைமாதம் வரை சுமந்த பலருக்கும் ஊசி போய்ச் சேர்ந்திருந்தது. கொடுப்பதும் குற்றமற்றதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது அடுத்த ஆய்வுதான். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், கருவின் வயதை ஸ்கேனில் உறுதிசெய்துகொண்டு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார்கள். 2020இல் வெளியான அதன் முடிவில், பிறந்த 28 நாளுக்குள் நேரும் இறப்பு மருந்து பெறாத தாய்மாரின் குழந்தைகளில் 23.5 சதவீதமாகவும் பெற்றவர்களின் குழந்தைகளில் 19.6 சதவீதமாகவும் இருந்தது.

கருவால் சம்மதம் சொல்ல முடியாதே என்பது கடைசி வாதம். உண்மைதான், மருந்தை மறுப்பதற்கும் அது சம்மதம் சொல்லவில்லை. ஆகவே கர்ப்பிணிகளும் குடும்பத்தாரும் எந்த மருந்தையும் தாமாக நிறுத்திவிட வேண்டாம், தாமாகத் தொடங்கவும் வேண்டாம். கொடுத்தால் என்ன ஆகும் என்று மருத்துவரிடம் கேட்கும்போது, கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.