பக்கத்தில் யார் உட்கார்ந்தது?

கடவுளிடம் இவ்வளவு சின்னதாகக் கேட்கலாமா? சிங்கப்பூருக்கு வந்ததிலிருந்து இதுதான் எனக்குச் சந்தேகம். சம்பளம், விடுப்பு எல்லாம் பேசி முடித்துத்தான் ஈப்போவிலிருந்து பஸ் ஏறினேன். அதைப்பற்றி வேண்டிக்கொள்ள ஒன்றுமில்லை. நான் கேட்பது வேறு. நைட் டூட்டி முடிந்து கால் தானாகப் போய் நிற்கிற ஒரு கோப்பிக் கடை வேண்டும். நான் வாய் திறக்குமுன் கோப்பி ஓ போடுகிற ஆள் அங்கே இருக்க வேண்டும். எந்தப் பக்கக் கதவு வழியாக ரயிலை விட்டு இறங்குவது என்று யோசிக்காத காலைகள் வேண்டும். மீன் வாங்கும் நாள், துணி துவைக்கும் நாள், அம்மாவுக்குப் போன் போடும் நேரம் என்று ஒழுங்காக விழும் ஒரு வாரம் வேண்டும்.

புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்கு ஜூலைத் திருவிழாவில் போகிறவர்கள் பிள்ளை வரத்துக்கும் புற்றுநோய்க்கும் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அந்த வரிசையில் நின்று, 'எனக்கு அலுத்துப்போகிற அளவுக்குப் பழகிய ஒரு வாரத்தைக் கொடும்' என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஆனால் திருச்சபை இதற்குச் சிரிக்காது என்று நினைக்கிறேன். நான் வந்திறங்கியபோது கிறிஸ்து பிறப்புக் காலம் முடிந்து சாமியார் பச்சை உடைக்கு மாறியிருந்தார். ஆண்டில் 33 அல்லது 34 வாரங்கள் இந்தப் பொதுக்காலம்தான். பாதிக்கும் மேற்பட்ட ஆண்டை விசேஷமில்லாத வாரங்களுக்கு ஒதுக்கி வைத்தவர்களுக்கு என் வேண்டுதல் புரியாமலா போகும்?

ஈப்போவில், சிலிபினில் எங்கள் கோயில் லூர்து மாதா கோயில். இங்கே ஓஃபிர் ரோட்டில் நான் போவதும் லூர்து மாதா கோயில்தான். தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று கட்டி 1888-இல் முடித்தது. அதே மாதா, அதே தமிழ்ப் பூசை. அது போதும் என்றுதான் நானும் நம்பினேன். முதல் ஞாயிறு அம்மா போனில் பிடித்துக்கொண்டார்.

"பூசைக்குப் போனியா?"

"போனேன்மா."

"பக்கத்துல யாரு உக்காந்தா?"

"தெரியல. யாரோ ஒரு ஆன்ட்டி."

"அப்ப நீ இன்னும் போகல."

மறைக்கல்வியில் இதற்கு இடமில்லை. பூசை கண்டால் கடமை முடிந்தது. ஆனாலும் அம்மா சொன்னது எனக்குள் நின்றுவிட்டது.

லூர்து நகரத்துப் பெர்னதெத்தைப் பற்றி அப்புறம்தான் வேறு மாதிரி யோசித்தேன். 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை மாதா அவருக்குக் காட்சி கொடுத்தது 18 முறை. அதைத்தான் சுரூபமாகவும் படமாகவும் வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு 1866-இல் அவர் ஊரைவிட்டு வெகு தூரத்திலுள்ள நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்துக்குப் போனார். 1879-இல் 35 வயதில் இறக்கும்வரை லூர்துக்குத் திரும்பவே இல்லை. 1876-இல் அங்கே பேராலயம் அர்ச்சிக்கப்பட்டபோதும் அவர் போகவில்லை. மடத்து நோயாளிகள் அறையில் வேலை, பிறகு கோயில் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, இடையிடையே தானே நோயாளி. காட்சிக்குப் பிந்திய தன் வாழ்க்கையை, பெருக்கி முடித்ததும் கதவுக்குப் பின்னால் வைக்கிற துடைப்பத்தோடு அவர் ஒப்பிட்டதாகச் சொல்வார்கள். நான் நர்ஸ் என்பதாலோ என்னவோ, எனக்கு அந்த 18 காட்சிகளைவிட இந்த 13 ஆண்டுகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. மடத்துக் கஞ்சிக் கோப்பையும் கட்டுத்துணியும் அவரைச் சலிப்படையச் செய்யாமலா இருந்திருக்கும்?

இதையெல்லாம் என் பாட்டியிடம் சொல்லியிருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பார். சுங்கை சிப்புட் பக்கத்துக் கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. குளிர்ச்சியிலேயே மரத்தைச் சீவிவிட வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அப்புறம் மங்கு மங்காகப் பால் எடுத்துக் காண்டா வாளியில் சுமக்க வேண்டும், ஒட்டுப்பாலைப் பிய்க்க வேண்டும். மழை பெய்தால் வேலையுமில்லை, கூலியுமில்லை. தினம் ஒரே மாதிரி நாள் என்பது அவருக்கு வரமாக இருந்ததில்லை. அது துரையுடைய கடிகாரம். 'இதையா சாமிகிட்ட கேக்குற?' என்பார்.

நியாயம்தான். வழக்கம் என்றாலே புனிதம் என்று நானும் சொல்லவரவில்லை. ஆனால் அதே பாட்டி இரவானால் லயத்துத் திண்ணையில் ஜெபமாலை சொல்லவைப்பார். அதையும் ஒரு நாள் விட்டதில்லை. பெரட்டில் ஆள் வராவிட்டால் பேர் விழாது, அவ்வளவுதான். ஜெபமாலைக்கு ஆள் வராவிட்டால் பாட்டி கஞ்சியோடு அந்த வீட்டுக் கதவைத் தட்டுவாராம். இரண்டு இடத்திலும் ஆளை எண்ணினார்கள். எதற்காக எண்ணினார்கள் என்பதில்தான் என் கேள்வி முழுவதும் இருக்கிறது. நான் ஏங்குவது கோப்பிக்கு இல்லை போலும். ஒரு நாள் நான் போகாவிட்டால், 'ஏன் காணோம்?' என்று கேட்க ஓர் ஆள் இருக்கிற ஊருக்கு.

விடுதலைப் பயணத்தில் கடவுள் கடலைப் பிளந்தது ஒரே இரவு வேலை. பாலைவனத்தில் அவர் தந்த மன்னா உணவு 40 ஆண்டு டூட்டி, வாரத்துக்கு ஆறு நாள். மறுநாளைக்கென்று எடுத்துவைத்தால் புழு வைத்தது. பெரிய அற்புதத்துக்கு அவரை ஒரு தடவை நம்பினால் போதும். அன்றாடச் சோற்றுக்குத் தினமும் நம்பவேண்டும். அதனால் சின்ன வேண்டுதல்தான் உண்மையில் பெரியது என்று எனக்கு நானே வாதாடி முடித்திருந்தேன்.

பிறகு யோசுவா நூல் அந்த வாதத்தில் பாதியைக் கெடுத்துவிட்டது. கானான் மண்ணில் விளைந்ததை இஸ்ரயேலர் சாப்பிட்ட மறுநாளே மன்னா நின்றுவிடுகிறது. அதன் பிறகு உழவேண்டும், விதைக்கவேண்டும், வரப்புக்கு அந்தப்பக்கம் இருப்பவனோடு பேசிப் பழகவேண்டும். ஊர் வந்து சேர்ந்தவளுக்கு வாரம் வானத்திலிருந்து விழாது.

போன ஞாயிறு அந்த ஆன்ட்டியிடம் நானே பேர் கேட்டேன். தைப்பிங்காரர், கல்யாணமாகி இங்கே வந்தவர். பாடகர் குழுவுக்கு ஆள் வேண்டும், புதன்கிழமை மாலை பயிற்சி, தவக்காலம் வருமுன் வந்துவிடு என்றார். அடுத்த மாத ரோஸ்டர் இன்னும் வரவில்லை. புதன் மாலையில் மட்டும் டூட்டி போடாதீர்கள் என்று வார்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். புதிதாய் வந்தவளுக்குக் கேட்ட நாள் கிடைக்காது என்று சீனியர் அக்கா சொல்கிறார்.