எவ்வளவு நினைவு

மடிக்கணினி வாங்கப் போகிறவனிடம் கடையில் கேட்கிறார்கள்: நினைவகம் எவ்வளவு, 8 ஜிபியா 16 ஜிபியா? இதைப் பணத்தைப் பற்றிய கேள்வியாகவே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது நியாயத்தைப் பற்றிய கேள்வியாகப் படுகிறது. இன்னும் உருவாகாத ஓர் ஆளின் தேவையை இன்றே அளந்து முடித்துவிட நமக்கு என்ன உரிமை?

முதலில் சொல். 1945-ல் ஜான் வான் நாய்மன், எட்வாக் என்ற யந்திரத்துக்கான அறிக்கையில், அதன் பாகங்களை நரம்பு மண்டலத்தோடு ஒப்பிட்டபடியே ஒன்றை மெமரி என்று குறித்தார். இன்று அந்தப் பெயரில் விற்கப்படும் ராம், மின்சாரம் நின்ற கணத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. காப்பாற்றி வைப்பது வட்டின் வேலை. ஆங்கிலத்தில் இது முரண். தமிழில் அவ்வளவு முரண் இல்லை. நினைப்பது என்றால் நமக்கு ஞாபகம் கொள்வதும்தான், இந்தக் கணம் யோசிப்பதும்தான். நினைவகம் இந்த இரண்டாவது பொருளில் நினைக்கிறது. பெரியாறு அணையில் எத்தனை அடி என்பது சேமிப்பைப் பற்றிய பேச்சு. 2014-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடியைக் கம்பம் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் நடவு நாளில் காரியத்துக்கு ஆவது வரப்புக்குள் நிற்கும் தண்ணீர். ஆக, எவ்வளவு நினைவு என்பதன் அர்த்தம், ஒரே சமயத்தில் எத்தனை காரியங்களைத் திறந்து வைத்திருக்கப் போகிறாய் என்பதுதான். இடம் போதாவிட்டால் யந்திரம் உடனே நின்றுவிடுவதில்லை. கொஞ்சத்தை வட்டில் கொண்டுபோய் வைத்து, வேண்டும்போது திரும்ப எடுத்துவருகிறது. அந்தப் போக்குவரத்தில் காத்திருப்பது மனிதன்.

குச்சனூரில் என் அண்ணன் மகள் கல்லூரிக்குப் போகிறாள். இரண்டாம் போக நெல் விற்ற பணம் இருக்கிறது. "பெருசாவே வாங்கிருவோம். பெறகு பத்தாமப் போயிருச்சுன்னா?" என்றார் அண்ணன். அவள் சொன்னாள்: "எனக்கு என்ன வேணும்னு எனக்கே இன்னும் தெரியலையே, சித்தப்பா." அண்ணனுடையது பயம், அவளுடையது உண்மை. பயத்துக்குக் கடையில் விலைப்பட்டியல் இருக்கிறது. உண்மைக்கு இல்லை.

பயத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. 2011-ல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு இலவசமாகத் தரத் தொடங்கிய மடிக்கணினியில் 2 ஜிபிதான். பலருக்கு வீட்டுக்குள் வந்த முதல் கணினி அது. இன்று அந்த அளவில் ஒரு சாதாரண வலைப்பக்கமே திணறும். பிள்ளைகள் எழுதும் கட்டுரை நீண்டுவிடவில்லை. அதைச் சுமக்கும் மென்பொருள் பெருத்துவிட்டது. போதும் என்ற சொல்லின் அளவை நம் தேவை மட்டும் நிர்ணயிப்பதில்லை. நினைவகச் சில்லுகளில் மிகப் பெரும் பகுதியைச் செய்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றே கம்பெனிகள். செயற்கை அறிவுக்கான தரவு மையங்கள் அவற்றை வாரிக்கொண்டதில் 2025-ன் கடைசி மாதங்களில் விலை கடுமையாக ஏறியது. எங்கோ ஒரு யந்திரத்தின் பசிக்கு இங்கே நெல் விற்ற காசில் பங்கு போகிறது.

இன்னொரு நிர்ப்பந்தம்: மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். பின்னால் கூட்ட முடியாது. வாங்கும் நாளின் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு.

குச்சனூர் சனீஸ்வரர் சுயம்பு. லிங்கம் வளர்ந்துகொண்டே வருவதாகவும், அதைக் கட்டுக்குள் வைக்கத்தான் மஞ்சள் காப்பு என்றும் ஊரில் சொல்வார்கள். நம்பிக்கையை ஒதுக்கிவிட்டு, அதிலுள்ள தர்க்கத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். வளர்ச்சி மறுக்கப்படவில்லை. இவ்வளவுதான் வளரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு முடிக்கவும் இல்லை. அளவு என்பது திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய காரியமாக வைக்கப்பட்டிருக்கிறது.

எனவே நான் சொன்னது: 8 ஜிபி போதும், ஆனால் உள்ளே ஒரு காலி இடம் இருக்கிற யந்திரமாகப் பார். கொஞ்சம் கனமாக இருக்கும், பரவாயில்லை. இது பிரச்சனையைத் தள்ளிப்போடுவதாகாதா என்று கேட்கலாம். தள்ளிப்போடுவதுதான், ஆனால் முடிவெடுக்க வேண்டிய ஆள் வந்து சேரும்வரை. காலி இடமே இல்லாத யந்திரம்தான் கிடைக்கும் என்றால், 16 ஜிபி வாங்க வேண்டியதுதான். திருத்த முடியாத இடத்தில் நாம் சிக்கனம் பிடித்தால், அதற்கான விலையைத் தினமும் காத்திருந்து கொடுப்பவள் அவள். திருத்த முடிகிற இடத்திலோ, மிகுதியாக வாங்குவது தாராளம்போல் தெரிந்தாலும், அவள் என்னவாகப் போகிறாள் என்பதை நாமே கற்பனை செய்து அவள்மேல் சுமத்துவதுதான்.

வருங்காலத்துக்கு நாம் கொடுக்கக் கூடியதில் நிறைந்த பாத்திரத்தைவிட, பிறர் கை வைக்கக் கொஞ்சம் இடம் விட்ட பாத்திரம் மேல்.