பத்து நிமிடத்துக்குள் அடங்குபவை

நாட்டு மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று அரசு கணக்கெடுப்பது உண்டு. நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று பெயர். 1998-99இல் ஆறு மாநிலங்களில் மட்டும் செய்து பார்த்தார்கள். தமிழ்நாடும் அதில் இருந்தது. நாடு முழுவதற்குமாக 2019இல் ஒன்று, 2024இல் ஒன்று. இந்தக் கணக்கில் நாள் பிறப்பது அதிகாலை 4 மணிக்கு. மறுநாள் 4 மணிக்கு முடிகிறது. அதை அரை அரை மணியாக வெட்டிக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதுகிறார்கள். ஒரே அரை மணியில் நாலைந்து வேலை நடந்திருந்தால், 10 நிமிடமாவது நீடித்தவற்றை மட்டும், அதிலும் மூன்று வரை, குறித்துக்கொள்வார்கள்.

நள்ளிரவை விட்டுவிட்டு 4 மணியை எடுத்துக்கொண்டவருக்கு அடுப்படி தெரிந்திருக்கிறது. அந்த மரியாதையோடுதான் என் நாள் ஒன்றை இந்தக் கட்டங்களில் எழுதிப் பார்க்கிறேன். ஆனி மாதத்துப் புதன்கிழமை, மதுரை. விசேஷம் ஏதும் இல்லாத நாள்.

*

எழுந்ததும் மாவுப் பாத்திரத்தைத் திறப்பேன். நேற்று மாலை ஆட்டி வைத்தது. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். இந்த வெக்கைக்கு எட்டு மணி நேரமே அதிகம். மூடியைத் தூக்கினால் முதலில் வருவது வாசனை, லேசான புளிப்பு. மாவு பாத்திரத்தின் கழுத்துவரை ஏறி, நடுவில் மேடு கட்டி நிற்கும். மேல்பரப்பில் ஊசிமுனையளவு ஓட்டைகள். ஓரமாகக் கரண்டியை இறக்கி விலக்கினால் உள்ளே தேனடை போலக் கண் கண்ணாகத் தெரியும். அரிசியோடும் உளுந்தோடும் வந்த நுண்ணுயிர்கள் இரவெல்லாம் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று காற்றை விடுகின்றன. உளுந்தின் பசை அந்தக் காற்றைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறது. அடியோடு கலக்காதே என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். மேலாக எடுத்து அப்படியே தட்டில் ஊற்ற வேண்டும்.

மாவாட்டியது கட்டத்தில் ஏறும். இட்லி வேகிற நேரமும் ஏறும். நேற்று மதியம் அலுவலகத்திலிருந்து போன் போட்டு, "அத்தை, அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டுருங்க" என்று சொன்ன அரை நிமிடம் எதிலும் ஏறாது. அதற்கும் முன்னால், பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் மாவு தீர்ந்துபோனது ஞாபகம் வந்ததே, அதற்கு நேரமே ஆகவில்லை. அந்த ஞாபகம் வராமல் போயிருந்தால் இன்று காலை இட்லி கிடையாது.

*

ஐந்தரைக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் வெட்டியது. மஹால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளத்தைத்தான் குளமாக்கினார் என்று இந்தப் பக்கம் வழிவழியாகச் சொல்வார்கள். நாலு பக்கமும் ஏறக்குறைய ஆயிரம் அடி. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். விடியுமுன்பே கூட்டம் சேர்ந்துவிடும். கைகளை வீசி வேகமாகப் போகிறவர்கள், முழங்காலில் பட்டை கட்டியவர்கள், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற ஒரு வயதான தம்பதி.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது. தசை வேலை செய்யும்போது, இன்சுலினின் துணை குறைவாக இருந்தாலும், இரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளுமாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நடையின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. நான் சொல்லாமலே, நான் ஞாபகம் வைத்துக்கொள்ளாமலே கால் தன் பங்கைச் செய்கிறது.

கூட நடக்கிற தோழி, "இது ஒண்ணுதான் உனக்குன்னு இருக்கிற நேரம்" என்பாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுப்பு முன்னால் நிற்பதும் நான்தான், அத்தைக்கு மருந்து விட்டதும் நான்தான். அவை என்னிடமிருந்து பிடுங்கப்பட்ட நேரம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நடையில் கிடைப்பது வேறு. அந்தச் சுற்றுகளில் எதையும் மனதில் சுமந்திருக்க வேண்டாம். தண்ணீர் பிடித்தாயிற்றா, கேஸ் பதிவு செய்தாயிற்றா என்ற வரிசை குளத்தின் மேற்குக் கரையோடு நின்றுவிடுகிறது. வீட்டுத் தெரு திரும்பும்போது மறுபடி சேர்ந்துகொள்ளும்.

*

அத்தைக்குக் கண்நீர் அழுத்தம். அரவிந்த் கண் மருத்துவமனையில் காட்டுகிறோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. இன்று மதுரையில் கண் என்றால் பலருக்கும் முதலில் வாயில் வருகிற பெயர். அங்கே ஒரு நர்ஸ் பெண் சொட்டு மருந்து விடுகிற முறையை என் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தாள். கீழிமையை மெல்ல இழுத்து ஒரு சொட்டு. கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய ஓரத்தை ஒரு விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கிவிடும். இரண்டாவது மருந்துக்குக் குறைந்தது ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். உடனே விட்டால் முதல் சொட்டை இரண்டாவது அடித்துக்கொண்டு போய்விடும்.

இந்த நோயில் போன பார்வை திரும்பாது. இருக்கிறதைக் காப்பாற்றத்தான் மருந்து. ஆகவே காலையும் இரவும் ஒரு நாள்கூடத் தவறாமல் செய்கிற இந்த வேலையின் பலன், ஒன்றும் நடக்காமல் இருப்பது. அத்தை இன்றும் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார், பழுத்த இலையைப் பார்த்துக் கழிக்கிறார். ஒரு சொட்டு, ஒரு காத்திருப்பு, இன்னொரு சொட்டு. பத்து நிமிடம் தேறாது.

*

வங்கியில் எனக்கு நகைக்கடன் கவுன்டர். பள்ளி, கல்லூரி திறக்கிற மாதம் என்பதால் கூட்டம் அதிகம். பக்கத்து நாற்காலியில் எங்கள் மதிப்பீட்டாளர், பரம்பரைப் பத்தர். கறுப்பு உரைகல்லில் நகையை ஒரு இழுப்பு இழுத்து, கோட்டின் மேல் அமிலம் ஒரு துளி வைப்பார். செம்பும் வெள்ளியும் கரைந்துபோகும். தங்கத்தின் கோடு நிற்கும். எவ்வளவு நிற்கிறது என்று தெரிந்த மாற்றுக் கோட்டோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடுவார். கடன் வாங்குகிறவர் எதிரில் இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும் என்பது விதி, நல்ல விதி. நகையின் நிகர எடையில் கல் சேராது, உள்ளே அடைத்த அரக்கும் சேராது. முந்தைய 30 நாள் சராசரி விலை, முதல் நாள் இறுதி விலை, இரண்டில் எது குறைவோ அதைக் கொண்டு மதிப்புப் போடுவோம். இரண்டரை லட்ச ரூபாய் வரையான கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2025இல் விதி கொண்டுவந்தது. முன்பு 75. இந்தப் பத்துச் சதவீதம் ஒரு வீட்டில் விடுதிக் கட்டணமாக இருக்கும்.

இன்று மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மகள் நர்சிங் சேர்கிறாளாம். ஒரு சங்கிலியை வைத்துவிட்டு, தொகை போதவில்லை என்றதும் கொஞ்சம் யோசித்துக் காதிலிருந்த தோட்டைக் கழற்ற ஆரம்பித்தார். சிவப்புக் கல் தோடு. நாள்பட்ட திருகு, இறுகிக் கிடந்தது. முந்தானையால் பிடித்துத் திருகி எடுத்தார். தோட்டைக் கவுன்டரில் வைத்த கையோடு சுருக்குப் பையைத் திறந்து துடைப்பக் குச்சி ஒன்றை எடுத்தார். நகத்தால் அளந்து இரண்டாக ஒடித்தார். பிசிறை விரலில் தேய்த்துப் பார்த்து, ஒரு காதில் செருகி, மற்றதைச் செருகும்போது துளை அகப்படாமல் இரண்டு முறை தடவினார். "தூந்துரக் கூடாதுல்ல தாயி" என்றார் என்னிடம். திரும்ப மீட்டுப் போடுகிறவரை துளை தூர்ந்துவிடக் கூடாது.

குச்சி வீட்டிலிருந்தே வந்திருக்கிறது. சங்கிலி போதாமல் போகலாம், அப்படியானால் தோடும் போகும், தோடு போனால் காது சும்மா இருக்கக் கூடாது என்று நேற்றிரவோ இன்று காலையோ எண்ணிப் பார்த்துப் பையில் போட்டிருக்கிறார். அவர் செருகி முடிக்கும்வரை அடுத்த டோக்கனை நான் அழுத்தவில்லை. பத்தரும் தலை நிமிராமல் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நகைகளை அவர் கண் முன்னாலேயே உறையிலிட்டு, முத்திரை வைத்து, கையெழுத்து வாங்கினோம். மாலையில் இரண்டு பேர் சாவி போட்டுத் திறக்கிற பெட்டகத்துக்குள் அது போய்விடும். அந்த அம்மாவின் நாளை யாராவது கேட்டு எழுதினால் பேருந்துப் பயணம் ஏறும், வரிசையில் நின்றது ஏறும். குச்சி ஏறாது.

*

இந்தக் கணக்கெடுப்பைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. அது இல்லாவிட்டால் நமக்குத் தெரிந்திருக்காத ஒன்றை அது எண்ணாக்கி மேசையில் வைத்தது. வீட்டு வேலையில் ஏதேனும் ஒன்றையாவது செய்தவர்கள் 2019இல் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். செய்தவர்களிலும், ஒரு நாளைக்குப் பெண் 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். ஐந்து ஆண்டு கழித்து 2024இல் 289, 88. இருவருக்கும் குறைந்திருக்கிறது. நடுவில் இருக்கிற இருநூறு நிமிடம் மட்டும் அசையவில்லை.

அந்த இருநூறு நிமிடத்தோடு, எண்ணில் வராத ஒன்றும் ஒரே ஆள் மேல் கிடக்கிறது. ஞாபகம். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது என் கணவர் வேலை. ரயில்வேயில் ஷிஃப்ட் முடிந்து எந்நேரம் வந்தாலும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் படுப்பார். நான் அடுத்த நாள் தொட வேண்டியிருக்காது. குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. குடத்தைத் தூக்குவதும் அவர்தான். ஆனால் பாத்திரம் விளக்கும் சோப்பு தீரப் போகிறது, நாளைக்குத் தண்ணீர் வரும் முறை என்பதெல்லாம் நெடுங்காலமாக என் தலையில்தான் இருந்தது. வேலையைப் பகிர்ந்துகொள்கிற வீடுகள் இப்போது கொஞ்சம் பெருகியிருக்கின்றன. ஞாபகத்தைப் பகிர்ந்துகொள்கிற வீடு இன்னும் அபூர்வம். அதைக் கேட்டு வாங்க வேண்டும், கொடுத்த பிறகு திரும்ப எட்டிப் பார்க்காமல் இருக்கவும் பழக வேண்டும். இரண்டாவதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது.

*

மாலை பேருந்து, ஒரு கட்டு கீரை, ரசம், அப்பளம். சொல்ல வேறொன்றும் இல்லை.

பிளஸ் டூ படிக்கிற மகனிடம் இரவு மருந்தைக் கொடுத்துவிட்டேன். சொட்டை விடுவது மட்டும் அல்ல, முழுப் பொறுப்பையும். ஒன்பது மணி என்று நான் நினைவூட்டுவதில்லை. அவன் முதல் சொட்டை விட்டு, போனில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு, அப்பத்தாவின் கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறான். கண்ணை மூடிக்கொண்டிருப்பவரால் டிவி பார்க்க முடியாது, பேசத்தான் முடியும். இன்றைக்கு அவன் கடிகாரம் பற்றிக் கேட்டான். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டில் கடிகாரமே கிடையாதாம். அவருடைய அப்பா மதுரா மில்லில் இருந்தவர். ஊரார் வாயில் அது ஹார்வி மில்.

"சங்கு ஊதுனா எங்கம்மா உலை வைக்கும். அடுத்த சங்குக்கு எங்கப்பா வாசல்ல நிப்பாரு. எங்க தெருவுக்கே அதான் மணி."

"ராத்திரியும் ஊதுமா அப்பத்தா?"

"ராத்திரி ஷிஃப்டுக்கு யாரு ஊதுவா? ஊதும், ஊதும். நீ அந்த அடுத்த மருந்தை எடு."

போன் அடித்தது. அவன் இரண்டாவது குப்பியை எடுத்தான். புதுக் குப்பி, திறந்த தேதியை வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டியிருந்தது. திறந்து நான்கு வாரம் ஆனால் மிச்சம் இருந்தாலும் எறிந்துவிட வேண்டும் என்று மருந்துக் கடையிலும் சொல்வார்கள், நான் அவனிடம் சொன்னதில்லை. பழையது எப்போது தீர்ந்தது, இதை எப்போது வாங்கினாய் என்று கேட்டேன்.

"திங்கக்கிழமையே வாங்கிட்டேம்மா. டியூஷன் முடிஞ்சு வர்றப்ப. அடுத்த மாசத்துக்கு அப்பத்தாவைச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போகணும், தேதி போட்டு வச்சிருக்கேன். நீ லீவு சொல்லிரு."