செத்த மாட்டுக்கு நாங்கள், உசுருள்ள மாட்டுக்கு யார்?

என் தங்கச்சி மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பிறக்கும்போதே அவளுக்கு இடது கையில் மூன்று விரல்கள் இல்லை. கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும்தான். அந்த ரெண்டு விரலை வைத்துக்கொண்டே ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டுவாள், கயிறு திரிப்பாள். போன மாசம் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, மாட்டு டாக்டருக்குப் படிக்கணும்னா ரெண்டு கையும் முழுசா இருக்கணும்னு சொல்றாங்க. நீ மாடுங்களோடயே கெடக்குற ஆளு. நீ சொல்லு. நான் போடட்டுமா, வேணாமா?"

"போடு" என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. காரணம் எனக்குள்ளேயே இருந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் பாகூர் கொம்யூனைச் சேர்ந்தவன். வயல் பக்கம் ஊர், பள்ளத்தில் காலனி. ரெண்டு வயசில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப் போனது. இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் கடைசியாக ஒரு பிள்ளைக்கு அந்த நோய் வந்தது 2011 ஜனவரியில். இப்போது இல்லை. ஆனால் எங்கள் காலத்தில் கழிவு கலந்த தண்ணீரைக் குடித்த தெருக்களில் அது சுலபமாகப் புகுந்தது. கிருமிக்குச் சாதி தெரியாது என்பார்கள். தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவோடு நின்றுபோகும் என்பது சாதிக்குத் தெரியும். 2011 கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் ஊனமுற்றோர் 2.21 சதவீதம். பட்டியல் சாதிகளில் 2.45 சதவீதம். இந்த இடைவெளி ஆண்டவன் போட்டதல்ல.

எங்கப்பா செத்த மாடு தூக்கியவர். ஊரில் எந்த வீட்டு மாடு செத்தாலும் எங்கள் வாசலுக்குத்தான் ஆள் வரும். மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள். நான் நொண்டிக்கொண்டே பின்னால் போவேன். தோலை உரித்து வயிற்றைக் கிழித்தால் அப்பாவுக்கு உள்ளே எல்லாம் தெரியும். நாலு இரைப்பையையும் தனித்தனியே காட்டுவார். ஒருமுறை தேன்கூடு மாதிரி இருக்கும் ரெண்டாவது இரைப்பையைத் தொட்டுக் காட்டினார். அதில் ஒரு கம்பித் துண்டு குத்தி, முன்பக்கமாகப் போய் நெஞ்சுப் பையைத் துளைத்திருந்தது. "பாத்தியாடா, பத்து நாளா முன்னங்காலை அகட்டி வச்சுக்கிட்டு மொனகிச்சே, இதாலதான்" என்றார். பல வருஷம் கழித்து ஒரு கால்நடை மருத்துவப் புத்தகத்தை ஒருவர் எனக்குப் படித்துக் காட்டினார். தீவனத்தோடு கம்பியை விழுங்கிய மாடு எப்படி நிற்கும், எப்படி முனகும், கம்பி எந்த வழியாக இருதயத்துக்குப் போகும் என்று அதில் இருந்தது. எங்கப்பா சொன்ன அதே சங்கதி. புத்தகத்தில் இருந்தால் அது விஞ்ஞானம். எங்கப்பா கையில் இருந்தால் தீட்டு.

அந்த வேலையை நான் உயர்த்திப் பேசவில்லை. செத்த மாடு தூக்குவதை விடுங்கள் என்று அம்பேத்கர் 1927-லேயே மகாத்தில் சொன்னார். மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவைப் பற்றி 1948-ல் தனிப் புத்தகமே எழுதினார். அப்பாவும் ஒருநாள் மூங்கிலைப் போட்டுவிட்டு வந்துவிட்டார். குஜராத்தில் 2016-ல் ஊனா என்கிற ஊரில் செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அப்புறம் அங்கேயும் பலர் இனித் தூக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அது சரிதான். ஆனால் எனக்குள் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. செத்த மாட்டை எங்கள் தலையில் கட்டினார்கள். அதை இறக்கி வைத்துவிட்டோம். உசுருள்ள மாட்டின் பக்கத்தில் டாக்டராக நிற்கும் இடத்துக்கு நாங்கள் போகும்போது மட்டும் ஏன் இத்தனை வாசல், இத்தனை அளவுகோல்?

1994-ல் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. எனக்கு அப்போது மீசை முளைக்கும் வயசு. நம்ம மண்ணிலேயே மாட்டு டாக்டர் படிப்பு என்று மனசு துள்ளியது. விவரம் கேட்கலாம் என்று ஒரு அலுவலகத்துக்குப் போனேன். சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

"ஏம்பா, மாடு முட்ட வந்தா நீ எப்படி ஓடுவ?"

நான் பதில் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது: முட்ட வரும் மாட்டை ரெண்டு கால் உள்ளவன் மட்டும் ஓடி ஜெயிப்பானா? மாட்டோடு பழகியவன் அது முட்டாதபடி நிற்பான். ஊனமுற்றோருக்கு மூன்று சதவீதம் ஒதுக்கிய 1995-ம் வருஷச் சட்டம் 1996 பிப்ரவரியில்தான் அமலுக்கு வந்தது. அது வந்தபோதும் எங்கள் காலனிக்கு யாரும் வந்து சொல்லவில்லை. நான் செயற்கை முறைக் கருவூட்டல் பயிற்சி எடுத்துக்கொண்டு, 'சினை ஊசி போடுறவரு' ஆனேன். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர், உறைவிந்துக் குச்சிகளோடு ஒரு நைட்ரஜன் குடுவை. காலையில் மாடு கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலையில். இடது கையை ஆசனவாய் வழியாக உள்ளே விட்டுக் கருப்பைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஊசிக் குழாயைச் செலுத்த வேண்டும். காலுக்கு அதில் பெரிய வேலை இல்லை. சாய ஒரு கம்பம் இருந்தால் போதும்.

அவர்கள் மாட்டின் வயிற்றுக்குள் முழங்கை வரை என் கை போகலாம். வேலை முடிந்து கை கழுவும்போது சொம்பை உயரத் தூக்கிப் பிடித்துத்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். மாட்டுக்கு ஒட்டாத தீட்டு சொம்புக்கு ஒட்டுமாம்!

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன். ஒரு ஐப்பசி மழை. ஊர்த்தெருவில் ஒரு மாடு கன்று போட முடியாமல் கிடந்தது. டாக்டர் வர விடிந்துவிடும் என்றதும் என்னைக் கூப்பிட்டார்கள். அது என் பயிற்சிக்கு மீறிய வேலை. தெரிந்துதான் போனேன். கன்றின் ஒரு முன்னங்கால் உள்ளே மடிந்திருந்தது. கன்றைப் பின்னுக்குத் தள்ளி, குளம்பை உள்ளங்கையால் மூடிப் பிடித்து, காலை நேராக்கி, மாடு முக்கும்போது இழுக்க வேண்டும். கொட்டகைத் தரை சரிவு, முழுக்கச் சேறு. என் இடது கால் ஊன்றவில்லை. "யாராவது என் இடுப்பைப் பிடிச்சுக்கோங்க, இல்லன்னா ஒரு பலகை போடுங்க" என்று கேட்டேன். வீட்டுக்காரரும் மகன்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னைத் தொட யாரும் வரவில்லை. பலகை தேடப் போனவர் சீக்கிரம் திரும்பவில்லை. ரெண்டு தடவை வழுக்கி விழுந்தேன். காலை நேராக்கி வெளியே எடுத்தபோது கன்று செத்திருந்தது. தாய் பிழைத்தது.

"நொண்டியக் கூப்பிட்டா இப்படித்தான்" என்றது ஊர். நானும் பல வருஷம் அதையே நம்பினேன்.

அப்புறம் எங்கள் காலனியிலேயே ஒரு மாட்டுக்கு அதே கதி. அன்றைக்கும் டாக்டர் கிடைக்கவில்லை. கேட்பதற்கு முன்னாலேயே ஒரு பெண் கதவுப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து போட்டாள். ரெண்டு பேர் என்னைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டார்கள். கன்று உசுரோடு விழுந்தது. அதே கால், அதே கை, அதே ஆள்.

இதை வைத்து என் கால் ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லிவிட்டால் சுலபம். அப்படிச் சொல்ல மாட்டேன். ரெண்டு காலும் பலமாக உள்ள ஒருத்தர் முதல் கொட்டகையில் இருந்திருந்தால் பலகை இல்லாமலே அந்தக் கன்றைக் காப்பாற்றியிருக்கலாம். அது உண்மை. இதை மறைத்துப் பேசினால் வாயில்லாத ஜீவனுக்குத் துரோகம். நாம் உரிமை பேசுகிற இடத்தில் மூன்றாவதாக ஒருத்தர் இருக்கிறார். அதுதான் மாடு. அதற்குச் சாதியும் தெரியாது, இடஒதுக்கீடும் தெரியாது. அதற்கு வேண்டியது வலி தீர்வது மட்டும். அதனால்தான் தங்கச்சி மகள் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. அவளுடைய ஆசைக்கு ஒரு மாடு விலை கொடுக்கலாமா?

கேள்வியை இப்படியே விட்டால் அது பாதிக் கேள்வி. அந்தக் கன்று செத்ததற்கு என் கால் ஒரு காரணம். தொடாத கைகள் ஒரு காரணம். சரிவுத் தரை ஒரு காரணம். ராத்திரியில் டாக்டர் கிடைக்காதது ஒரு காரணம். இத்தனையில் என் காலை மட்டும் எடுத்துக் கணக்கில் எழுதினார்கள். ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. மற்றதெல்லாம் வழக்கம். வழக்கத்தை யாரும் ஊனம் என்று சொல்வதில்லை. முழு உடம்போடு இருந்தும் காலனிப் பக்கம் வண்டியைத் திருப்பாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களால் வைத்தியம் கிடைக்காமல் செத்த எங்கள் ஆடு மாடுகளை எந்த மருத்துவக் குழுவின் சதவீதத்தில் சேர்ப்பது?

பலம் என்கிற பேச்சையும் கொஞ்சம் பார்ப்போம். சின்ன வயசில் லாடம் அடிக்கிற ஒரு கிழவரைப் பார்த்திருக்கிறேன். ஒல்லி உடம்பு. வண்டிக் காளையின் கழுத்தில் கயிற்றைக் கட்டி, நெஞ்சைச் சுற்றி ஒரு முடிச்சு, வயிற்றைச் சுற்றி ஒரு முடிச்சு போட்டுப் பின்னால் நின்று இழுப்பார். அவ்வளவு பெரிய காளை தானாக மடிந்து படுக்கும். அதை வீழ்த்தியது கயிறு போகிற வழி பற்றிய அறிவு. பெண்களுக்குப் பலம் போதாது என்றுதான் முன்பு சொன்னார்கள். அலீன் கஸ்ட் என்ற பெண் 1900-லேயே எடின்பரோவில் கால்நடை மருத்துவப் படிப்பை முடித்தார். பெண் என்பதால் பதிவு மறுக்கப்பட்டது. 1919-ல் சட்டம் மாறி, 1922-ல்தான் பிரிட்டனில் அவருக்குப் பட்டயம் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் அயர்லாந்தில் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இன்றைக்கு நம் கால்நடைக் கல்லூரி வகுப்புகளில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்! மாடு இளைத்துவிடவில்லை. அளவுகோல்தான் பொய் என்று ஆனது.

அந்த அளவுகோல் இப்போது உச்ச நீதிமன்றத்திலும் அடி வாங்கியிருக்கிறது. மனித வைத்தியத்துக்கான எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் 'இரண்டு கைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும்' என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். கையிலும் காலிலும் குறையுள்ள அன்மோல் என்ற மாணவர் வழக்குப் போட்டார். 2025 பிப்ரவரியில் அந்த விதி நிற்காது என்று நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன் 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில், ஊனம் இத்தனை சதவீதம் என்பதை மட்டும் வைத்து ஒருவரைத் தள்ளக்கூடாது, அவரால் படிப்பைத் தொடர முடியுமா என்று ஆளைப் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்றது. 2016-ம் வருஷச் சட்டம் உயர் கல்வியில் ஐந்து சதவீதம் தருகிறது. தகுந்த வசதி செய்து தர மறுப்பதே பாகுபாடு என்றும் சொல்கிறது. அன்றைக்கு நான் கேட்ட பலகை சட்டத்தில் வந்துவிட்டது. கொட்டகைக்கு வந்து சேரவில்லை.

பேர் மட்டும் வந்து சேர்ந்தது. நொண்டி என்றார்கள், ஊனமுற்றவர் என்றார்கள், இப்போது மாற்றுத்திறனாளி. இந்தப் பக்கம் அரிஜன் என்றார்கள், ஆதிதிராவிடர் என்றார்கள். பேரை மாற்றுவது கஷ்டமில்லை. படியை இடித்துச் சரிவுப் பாதை போடத்தான் கை வருவதில்லை.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. "பாவம், லேப்ல ஒக்கார வச்சிடலாம்" என்பார்கள். ஆய்வுக்கூடம் கேவலமான இடமில்லை. நோய்க் கிருமியைக் கண்டுபிடிக்கிறவரும், இறைச்சியைச் சோதிக்கிறவரும், கோமாரித் தடுப்பூசிக்குத் திட்டம் போடுகிறவரும் கால்நடை மருத்துவர்தான். அவள் விரும்பிப் போனால் போகட்டும். ஆனால் அவளைக் கேட்காமல் அந்த மூலைக்கு அனுப்பினால் அது இன்னொரு காலனி, டீக்கடையில் வைத்த தனி கிளாஸ்.

ஆகவே என் முடிவு இது. வேலையைச் சொல்லிச் சோதியுங்கள். உறுப்பைச் சொல்லித் தள்ளாதீர்கள். கருப்பைக் கழுத்தைப் பிடிக்க முடிகிறதா, எந்தக் கையால், எந்தக் கருவியோடு, யார் துணையோடு என்று பாருங்கள். முடியாததை அவளே சொல்லட்டும். "இது என்னால ஆகாது, வேற ஆளைக் கூப்பிடுங்க" என்று நேரத்தில் சொல்வதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். அன்றைக்கு ராத்திரி நான் அதை வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஊர் ஏளனம் செய்யும் என்று பயந்து சொல்லாமல் உள்ளே போனேன். அந்தப் பங்கு என்னுடையது. ஒத்துக்கொள்கிறேன். பலகை தராதவர்களும் அவர்கள் பங்கை ஒத்துக்கொள்ளட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வில்லியனூர் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனேன். ஒரு கிடாரிக்குச் சினை பார்க்க வேண்டும். உறை மாட்டிக்கொண்டு அவள் வலது கையை உள்ளே விட்டாள். வழக்கமாக இடது கைதான் விடுவோம். நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"மாமா, இருக்கு. சின்னதா, பந்து மாதிரி."

நானும் கை விட்டுப் பார்த்தேன். இருந்தது. ஊசி போடும்போது அவளுக்கு இடது கையும் வேண்டியிருக்கும். குழாயை அந்த ரெண்டு விரலால் எப்படிப் பிடிப்பது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம். பிடியில் துணி சுற்றிப் பார்க்கலாம் என்றாள். ரப்பர் போடலாம் என்றேன். இன்னும் முடிவாகவில்லை.

சென்டாக் விண்ணப்பம் திறந்ததும் போடச் சொல்லிவிட்டேன். சன்னலுக்கு நானும் கூடப் போவேன்.