பாதியில் நின்ற பேச்சு

ஒருத்தியைப் பேசவிடாமல் செய்ய அதட்ட வேண்டியதில்லை. அக்கறை காட்டியே வாயை அடைத்துவிடலாம். அமெரிக்க எழுத்தாளர் ஷார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ சிறுகதையை எப்போது எடுத்துப் படித்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். 1892 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து மேகசின்’ இதழில் வந்த கதை அது.

கதையில் அடிப்பவரோ திட்டுபவரோ யாரும் இல்லை. கணவன் ஜான் ஒரு மருத்துவன். பிள்ளை பெற்று மனம் தளர்ந்துபோன மனைவியைக் கோடைக்காலத்தில் மூன்று மாதம் ஊருக்கு ஒதுங்கிய பழைய மாளிகை ஒன்றில் தங்கவைக்கிறான். வேளை தவறாத மருந்து, காற்றும் வெளிச்சமும் வரும் மாடி அறை, சத்தான சாப்பாடு எல்லாம் உண்டு. வீட்டை நாத்தனார் பார்த்துக்கொள்கிறாள், குழந்தையை ஆயா பார்த்துக்கொள்கிறாள். அவளுக்குத் தடைசெய்யப்பட்டது எழுத்து. அவள் மறைத்து மறைத்து எழுதும் குறிப்புகள்தான் நாம் படிக்கும் கதை. ஜான் வரும் சத்தம் கேட்டதும் தாளை ஒளித்துவிடுகிறாள். ஒளித்து எழுத வேண்டியிருப்பதுதான் தன்னைக் களைக்கவைக்கிறது என்று அவளே சொல்கிறாள்.

கதையில் என்னை மிகவும் உலுக்கும் இடம் ஒரு நிலா இரவு. கணவன் தூங்குகிறான் என்று நினைத்து எழுந்துபோய்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கிறாள். திரும்பினால் அவன் விழித்திருக்கிறான். பேச இதுவே நல்ல நேரம் என்று துணிந்து, இங்கே தனக்குக் குணமாகவில்லை, அழைத்துப் போய்விடுங்கள் என்று கேட்கிறாள். வாடகைக் கெடு முடிய இன்னும் மூன்றே வாரம்தானே என்கிறான் அவன். உனக்குச் சதை பிடிக்கிறது, முகத்தில் களை வருகிறது, பசியும் கூடியிருக்கிறது, நான் மருத்துவன், எனக்குத் தெரியும் என்கிறான். எடை கூடவே இல்லை என்று அவள் மறுத்தால் செல்லம் கொஞ்சிப் பேச்சை மாற்றுகிறான். கடைசியில், உடம்பளவில் வேண்டுமானால் தேறியிருக்கலாம் என்று தொடங்குகிறாள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்த பார்வையில் மீதிப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. எனக்காக, குழந்தைக்காக, உனக்காகவும்தான், அந்த எண்ணத்துக்கு ஒரு நொடிகூட இடம் கொடுக்காதே என்று மன்றாடுகிறான்.

அதன்பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. தூங்கிவிட்டதுபோல் படுத்துக்கொண்டு, சுவர்த்தாளின் முன்கோலமும் பின்கோலமும் சேர்ந்து நகர்கின்றனவா, தனித்தனியாக நகர்கின்றனவா என்று மணிக்கணக்காக யோசிக்கிறாள். கணவனிடம் முடிக்க முடியாத பேச்சு சுவருக்குப் போய்விட்டது. அந்தக் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் சிறைப்பட்டுக் கிடப்பதாகவும், கம்பிகளைப் பிடித்து உலுக்குவதாகவும் அவளுக்குத் தெரியத் தொடங்குகிறது. கடைசியில் அறையைப் பூட்டிச் சாவியை ஜன்னல் வழியே எறிந்துவிட்டுத் தாளைக் கிழித்துப்போட்டபடி தரையில் ஊர்ந்து திரிகிறாள். பைத்தியம் திடீரென்று எங்கிருந்தோ வந்து அவளைப் பிடிக்கவில்லை. கேட்க ஆளில்லாமல் போன ஒவ்வொரு பேச்சோடும் சிறிது சிறிதாக வளர்ந்தது.

கில்மனுக்கு இது கற்பனையில் மட்டும் தெரிந்த துயரம் அல்ல. 1860-இல் பிறந்தவர், 1884-இல் சார்ல்ஸ் வால்டர் ஸ்டெட்சன் என்ற ஓவியரை மணந்தார். அடுத்த ஆண்டு மகள் பிறந்தாள், கூடவே கடும் மனச்சோர்வும் வந்தது. 1887-இல் பிலடெல்பியா நகரில் அன்று புகழின் உச்சியில் இருந்த நரம்பியல் மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செலிடம் சிகிச்சைக்குப் போனார். மிட்செல் உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களின் நரம்புச் சேதங்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர். பெண்களின் மனத்தளர்ச்சிக்கு அவர் வகுத்தது ஓய்வுச் சிகிச்சை. பல வாரம் படுக்கை, உறவினரிடமிருந்து பிரிவு, பாலும் கொழுப்பான உணவும், உடம்பு பிடித்துவிடுதல், மின்சாரத் தூண்டல் என்று போகும் அது. 1877-இல் இதைப் பற்றி அவர் வெளியிட்ட நூலுக்கு ‘கொழுப்பும் இரத்தமும்’ என்று பெயர். கதையில் ஜான் எண்ணிப் பார்ப்பதும் சதையையும் நிறத்தையும்தான்.

சிகிச்சை முடிந்து கில்மன் வீடு திரும்பும்போது மிட்செல் சொல்லி அனுப்பியது இது: முழுக்க வீட்டுக்குள்ளேயே வாழ வேண்டும், குழந்தையை எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், மூளைக்கு வேலை நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஆயுள் உள்ளவரை பேனாவையோ தூரிகையையோ தொடக் கூடாது. சில மாதம் அப்படியே இருந்து பார்த்தார் கில்மன். புத்தி பேதலிக்கும் விளிம்புவரை போனதாகப் பின்னாளில் எழுதினார். 1888-இல் கணவரைப் பிரிந்து மகளோடு கலிபோர்னியாவின் பசடேனாவுக்குப் போனார். இந்தக் கதை பிறந்தது அங்கேதான்.

இதே மிட்செலிடம் ஓவன் விஸ்டர் என்ற இளைஞரும் நரம்புத் தளர்ச்சிக்காக வந்தார். மிட்செலின் யோசனைப்படி 1885-இல் மேற்கே வயோமிங் பக்கம் போய்க் குதிரை ஏறினார், வேட்டையாடினார், கண்டதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார். 1902-இல் அவர் எழுதிய ‘தி வர்ஜீனியன்’ நாவல் கௌபாய்க் கதைகளுக்கே முன்னோடி ஆயிற்று. அதுமட்டுமல்ல, மிட்செலே கவிதையும் நாவலும் எழுதியவர். எழுத்து மனிதரைக் கெடுக்கும் என்று அவர் நம்பியிருக்க முடியாது. தனக்கும் தன்னைப் போன்ற ஆண்களுக்கும் இதமாக இருந்த ஒன்று பெண்ணுக்கு மட்டும் நஞ்சு என்று நம்பினார். இந்த நம்பிக்கைக்கு அன்றைக்கு விஞ்ஞானம் என்று பெயர்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் முதல் பிரசவத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் தூக்கமின்றித் தவித்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பால் போதுமா, தையல் ஆறிவிட்டதா, ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று அன்போடுதான் கேட்டார்கள். “உனக்கு எப்படிம்மா இருக்கு” என்று கேட்டவர்களும் அவள் வாய் திறக்குமுன் “எல்லாம் சரியாயிடும்” என்று பதிலையும் தாங்களே சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் அவள் தன் பயத்தை யாரிடமும் சொல்லாமலே பல இரவுகளைக் கழித்தாள். இதைக் கேட்டபோது ஜானின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஓய்வு கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு கட்டாயம் வேண்டும். எழுதினாலோ மனம்விட்டுப் பேசினாலோ போதும், நோய் போய்விடும் என்றும் சொல்ல மாட்டேன். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு மருத்துவம் பார்க்க வேண்டிய நோய். இன்று அதற்கு ஆலோசனையும் உண்டு, மருந்தும் உண்டு. கில்மனேகூட முழுதாகக் குணமாகவில்லை. சோர்வு ஆயுள் முழுக்க அவரைத் துரத்தியது. விவாகரத்துக்குப் பின் 1894-இல் மகளைத் தந்தையிடம் அனுப்பியதற்காகத் தாய்ப்பாசம் இல்லாதவள் என்று பத்திரிகைகள் தூற்றின. இத்தனைக்கும் நடுவில் 1898-இல் ‘பெண்களும் பொருளாதாரமும்’ என்ற நூலை எழுதினார். 1909 முதல் 1916 வரை ‘தி ஃபோர்ரன்னர்’ என்ற மாத இதழைக் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக எழுதி நடத்தினார். வேலையிலும் எழுத்திலும்தான் தன் பலத்தைத் திரும்பப் பெற்றதாக 1913-இல் அந்த இதழிலேயே எழுதினார். கதையின் பிரதி ஒன்றை மிட்செலுக்கு அனுப்பியதையும், அவர் பதில் போடாததையும் அதில் குறிப்பிட்டார்.

அந்த வாழ்க்கையும் அந்தக் கதையும் சேர்ந்து எனக்குச் சொல்வது ஒன்றுதான். தனக்கு என்ன நேர்கிறது என்பதை நோயாளி தன் வாயால் சொல்ல இடம் தராத சிகிச்சை, எவ்வளவு பாசத்தோடு தரப்பட்டாலும் பாதிச் சிகிச்சைதான். உடம்பு தேறியதைத் தராசு காட்டிவிடும். மனம் தேறியதா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். அவள் சொல்வது தவறாகக்கூட இருக்கலாம். அதையும் முழுதாகக் கேட்ட பிறகுதான் முடிவு செய்ய முடியும்.

உங்கள் வீட்டில் ஒரு பெண் “எனக்கு என்னமோ மாதிரி இருக்கு” என்று தொடங்கினால், தயவுசெய்து உடனே தேற்றாதீர்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அங்கேயும் அவளையே பேசவிடுங்கள். அவளுக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள்.