கட்டுகளை அவிழ்ப்பது யார் வேலை?



அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தின் 11-ம் அதிகாரத்தை நீங்கள் அடக்கப் பூசைகளில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள். லாசர் இறந்து நாலு நாளாயிற்று. சேசுநாதர் சுவாமி கல்லறையண்டை வந்து, கண்ணீர் விட்டு, அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். செத்தவன் எழுந்து வந்தான். இதுமட்டும் எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். அதற்கடுத்தாற்போல் நடந்ததை நாம் அவ்வளவாய்க் கவனிப்பதில்லை. எழுந்து வந்தவனுடைய கையும் காலும் சீலையால் கட்டுண்டிருந்தன. முகத்தில் துணி சுற்றியிருந்தது. உயிரையே கொடுத்தவருக்கு அந்தச் சீலையை உரித்துப் போடுவது ஒரு பெரிய காரியமா? ஆயினும் அதை அவர் தாமே செய்யவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்து, அவனைக் கட்டவிழ்த்து நடக்க விடும்படி கட்டளையிட்டார். உயிர் கொடுத்தது தேவ வேலை. கட்டவிழ்க்கும் வேலையை அண்டை அயலாருக்கு விட்டுவிட்டார்.

இந்த வாரம் இதை எழுதக் காரணமுண்டு. ஜூன் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையைப் புற்றுநோய் வந்து பிழைத்து வாழ்கிறவர்களுடைய நாளென்று அமெரிக்காவில் 1988-ம் வருஷம் முதல் கொண்டாடி வருகிறார்கள். நமக்கோ இது திரு இருதய மாதத்தின் முதல் ஞாயிறு. நம் பங்கிலே அந்த நோய் வந்து, வைத்தியம் முடிந்து, வேலைக்குப் போய்க்கொண்டும், பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டும் இருக்கிறவர்கள் எனக்குத் தெரிந்து பதினோரு பேர். எனக்குச் சொல்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேரோ! ஏன் சொல்லவில்லை என்று முன்பெல்லாம் வருத்தப்படுவேன். இப்போது காரணம் தெரிந்துவிட்டது.

என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயாருக்கு ஒன்பது வருஷத்துக்கு முன் மார்பில் புற்றுநோய் கண்டது. பேரும் தெருவும் வேண்டாம். இதை எழுதுவதும் அவருடைய உத்தரவின்பேரில்தான். ஆபரேஷன் ஆயிற்று, கீமோ ஏற்றினார்கள், கரண்டு வைத்தார்கள். பிறகு ஐந்து வருஷம் மாத்திரை. இப்போது வருஷத்துக்கொரு முறை டாக்டரிடம் போய்க் காட்டிவிட்டு வருகிறார். ஆனால் ஞாயிறுதோறும் நான் பூசையில் வாசிக்கிற வியாதிக்காரர் ஜாபிதாவில் அவருடைய பேர் இருந்துகொண்டே இருந்தது. இந்தப் பங்குக்கு நான் வந்தபோது கையில் கிடைத்த ஜாபிதா அது. நாலு வருஷம் அதை அப்படியே வாசித்தேன். இன்னார் எப்படியிருக்கிறார் என்று ஒருநாளாவது கேட்டேனா? இல்லை. அவரோ முன் பெஞ்சில் உட்கார்ந்து தம் பேரைத் தாமே கேட்டுக்கொண்டிருந்தார்.

போன வருஷம் அவருடைய மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைச் சாடையாய்ப் பார்த்துப் போக ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கோவிலுக்கே பூசைக்கு வந்திருந்தார்கள். பேர் வாசித்தது அவர்கள் காதில் விழுந்தது. வாசலில் யாரையோ விசாரித்தார்கள். சாயங்காலம், பார்த்துச் சொல்கிறோம் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு செய்தியே இல்லை.

மறுநாள் அந்தத் தாயார் பங்களாவுக்கு வந்தார். கோபமாய்ப் பேசவில்லை. "சாமி, நான் செத்துப் போயிருந்தால்கூட முப்பதாம் நாள் பூசையோடு என் பேரை விட்டிருப்பீர்கள்" என்றார். எனக்கு நா எழவில்லை. அவர் போகும்போது இன்னொன்றும் சொன்னார். அந்தோனியார் திருநாள் அசனத்தில் இருபது வருஷமாய்ப் பரிமாறி வந்தவர் அவர். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் வருஷம் கரண்டியைக் கையில் எடுத்தபோது, "நீங்க உட்காருங்கக்கா, பாவம்" என்று மற்றப் பெண்கள் வாங்கிக்கொண்டார்களாம். அன்றுமுதல் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அன்புக்குரிய பெண்மக்களே, கரண்டியை வாங்கினவர்கள் கெட்ட எண்ணத்தோடு வாங்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் இராயப்பருடைய மாமியாரை நினைத்துப் பாருங்கள். காய்ச்சலாய்க் கிடந்த அந்த அம்மாளை ஆண்டவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவர்கள் எழுந்து என்ன செய்தார்கள்? வந்தவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள் என்று சுவிசேஷம் சொல்லுகிறது. இப்போதுதானே எழுந்தீர்கள், பேசாமல் உட்காருங்கள் என்று அங்கே ஒருவரும் அவர்களைத் தடுத்ததாய்க் காணோம். மனுஷன் குணமானான் என்பதற்கு அடையாளம், அவன் கை மறுபடியும் பிறருக்கு உதவுவதுதான். அதைப் பிடுங்கிக்கொண்டால் பாதி நோயை நாமே அவனுக்குத் திருப்பிக் கொடுத்தாற்போலாகும்.

லாசரைச் சுற்றியிருந்தது ஒரு சீலை. நம் ஊரில் சுற்றுகிற சீலைகள் பல. சில வீடுகளில் அவர்களுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிறார்களென்று கேள்விப்படுகிறேன். புற்றுநோய் தொற்று வியாதியல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. தாய்க்கு வந்தால் மகளுக்கும் வந்தே தீரும் என்கிறார்கள். பரம்பரையாய் வருகிற கோளாறினால் உண்டாகும் புற்றுநோய் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் என்பது வைத்திய சாஸ்திரிகளுடைய கணக்கு. குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தால் டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கோவில் வாசலில் விசாரித்துத் தெரிந்துகொள்ளுகிற விஷயமல்ல அது. பிறகு, எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று கேட்கிற வாய்களும் உண்டு. பிறவிக்குருடனைக் காட்டிச் சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது, அவனுமல்ல, அவனைப் பெற்றவர்களுமல்ல என்று ஆண்டவர் வெட்டொன்று துண்டிரண்டாய்ச் சொல்லிவிட்டாரே! புகையிலை போட்டான், வாயில் வந்தது என்பீர்கள். புகையிலை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவருவது உண்மைதான்; போடுகிறவர்கள் இன்றே துப்பிவிடுங்கள். அதற்காக, தாடையில் பாதியை ஆபரேஷனில் இழந்து வந்தவனிடம் அதைச் சொல்லிக் காட்டுவதற்கு நமக்கு என்ன அதிகாரம்?

இந்த நோய் வந்தால் சாவுதான் என்ற நினைப்பு நம்மை விட்டு இன்னும் போகவில்லை. அது நம் பாட்டன் பாட்டிமார் காலத்து நினைப்பு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கம் மனதில் கிடந்து, 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியாக உருவெடுத்தது. ஆரம்பத்தில் 12 படுக்கைகள். சாகப் போகிறவர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்று எண்ணினவர்கள் அக்காலத்தில் அநேகர். மறு வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார், 2021 ஜனவரியில் 93-ம் வயதில் கண்மூடும் வரை அந்த வளாகத்தையே வீடாகக் கொண்டு, ஏழை பணக்காரர் என்று பாராமல் வைத்தியம் செய்தார். அவர்கள் நம் வேதத்தைச் சேர்ந்தவர்களல்ல. ஆனாலும் வைத்தியனைச் சிருஷ்டித்தவர் சர்வேசுரனே என்று வேத புத்தகம் சொல்லுகிறபடியால், அவர்கள் கையால் பிழைத்தவர்கள் தேவன் கையால் பிழைத்தவர்களே என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2022-ம் வருஷக் கணக்கின்படி, நோய் கண்டு ஐந்து வருஷத்துக்கு உட்பட்டவர்களில் உயிரோடிருப்பவர்கள் மாத்திரம் ஏறக்குறைய 5 கோடியே 35 லட்சம் பேர். அதற்கு மேலும் பல வருஷம் வாழ்கிறவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அப்படியானால் பழையபடி ஆகிவிட்டார்களா என்று கேட்டால், எல்லாரும் அப்படியல்ல. அக்குளில் கழலை எடுத்தவர்களுக்குப் பல வருஷம் கழித்தும் கை வீங்குவதுண்டு. ஆகையால் அண்டாவைத் தூக்கச் சொல்லாதீர்கள், கரண்டியைப் பிடுங்காதீர்கள். வெளிப்பார்வைக்குத் திடமாய் இருந்தாலும் சிலருக்குச் சீக்கிரம் களைத்துப்போகும், "அதுதான் குணமாயிற்றே, இன்னும் என்ன?" என்று கேட்காதீர்கள். வயிற்றில் பை வைத்திருப்பவர்கள் பூசை நடுவில் எழுந்து போக வேண்டியிருக்கும். அவர்களுக்காகத் தெற்கு வாசலண்டை உள்ள பெஞ்சுகளைக் காலியாய் விடும்படி உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறேன். யாருக்கென்று எவரும் கேட்க வேண்டாம். தொண்டையில் கரண்டு வைத்தவர்களுக்கு எச்சில் ஊறாமல் அப்பம் மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். இதற்காகவே ஒருவர் இரண்டு வருஷமாய் நன்மை வாங்காதிருந்தாரென்று சமீபத்தில்தான் அறிந்து துக்கப்பட்டேன். அப்பத்தில் ஒரு சிறு துணுக்கே போதும், கூடவே ஒரு மிடறு தண்ணீர் குடிக்கலாம். கெட்டியாய் எதையும் விழுங்க முடியாதவர்கள் இரச ரூபத்தில் மாத்திரம் உட்கொள்ளத் திருச்சபைச் சட்டமே இடங்கொடுக்கிறது. ஒரு வார்த்தை எனக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள். குரல்வளையை எடுத்தவர்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு வர வெட்கப்பட வேண்டாம். எழுதிக் காட்டினால் போதும். அந்தக் காகிதத்தை உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

வருஷப் பரிசோதனைக்குப் போகிற வாரம் இவர்களுக்குப் பெரிய வியாழன் இரவு போலத்தான். ஒன்றுமிராது என்று புத்திக்குத் தெரியும், வயிறு கேட்காது. அந்தச் சமயம் அவர்கள் முன்னே உட்கார்ந்து, நமக்குத் தெரிந்த எவருக்கோ நோய் திரும்பி வந்த கதையைச் சொல்லாமலிருப்பது எவ்வளவு பெரிய தர்மம்! முடிந்தால் கூடப் போங்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் ஓராள் இருந்தால் போதும். அவஸ்தைப் பூசுதல் என்று முன்னே சொன்ன தேவதிரவிய அனுமானம் இப்போது நோயில் பூசுதல் என்றே வழங்குகிறது, சாகப்போகிறவர்களுக்கு மட்டுமுரியதல்ல. எண்ணெயோடு சுவாமியார் தெருவில் நுழைந்தால் ஒப்பாரி வைக்க வேண்டாமென்று இதையும் சொல்லி வைக்கிறேன்.

புற்றுநோய்க்காரர் மன்றாடுகிற அர்ச்சியசிஷ்ட பெரகிரின் என்பவர் இத்தாலி தேசத்துப் போர்லி பட்டணத்து மரியாயின் ஊழியர் சபைத் துறவி. காலிலே புற்று வைத்து, மறுநாள் காலை வெட்ட வேண்டுமென்றிருந்த இரவில், பாடுபட்ட சுரூபத்தின் முன் மன்றாடிக் குணமடைந்தாரென்பது வரலாறு. அதற்குப் பின்னும் பல வருஷம் அதே ஊரில் ஏழை எளியவர்களுக்கு ஊழியஞ்செய்து 1345-ல் மரித்தார். அர்ச்சியசிஷ்டரென்று பட்டம் கிடைத்தது 1726-ல். குணமான அந்த ஓரிரவைவிட, பிறகு ஊழியத்திலே கழிந்த அந்த வருஷங்கள்தான் எனக்குப் பெரிதாய்த் தோன்றுகின்றன.

ஒரு காரியத்தைக் கனமான மனதோடு எழுதுகிறேன். இந்த நோயில் கணவனை, மனைவியை, பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் இதை வாசிப்பீர்கள். நாங்கள் செபிக்கவில்லையா, எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி என்று உங்கள் நெஞ்சு கேட்கும். உங்கள் செபம் குறைவுபட்டதல்ல. விசுவாசம் மிகுந்தவன் பிழைத்தான், குறைந்தவன் செத்தான் என்று சொல்லுகிறவன் கிறிஸ்தவனைப்போல் பேசவில்லை. லாசரும் பிற்பாடு ஒருநாள் இறந்தவன்தானே. பிழைத்தவர்களுக்காக நாம் நன்றி சொல்லுகிற வேளையில் உங்கள் கண்ணில் நீர் வந்தால், அதைத் துடைத்துக்கொண்டு ஒளிய வேண்டியதில்லை. மார்த்தாளும் மரியாளும் அழுதபோது ஆண்டவரும் கூட அழுதார்.

பெத்தானியாவில் பிறகு ஒரு விருந்து நடந்தது. லாசர் பந்தியில் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் கூட்டமாய் வந்தார்கள். ஆனால் லாசர் பேசினதாக ஒரு வார்த்தைகூட சுவிசேஷத்தில் இல்லை. கல்லறை எப்படியிருந்தது என்று யாரும் அவனை மேடையேற்றிக் கேட்டதாகவும் இல்லை. அவன் சாப்பிட்டான், அவ்வளவுதான்.

ஆகவே அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசையை, நம் பங்கில் இந்த நோயிலிருந்து மீண்டு வாழ்கிறவர்களுக்காக நன்றியறிதல் பூசையாக ஒப்புக்கொடுப்பேன். பேர் வாசிக்க வேண்டுமென்று விரும்புகிறவர்கள் சனிக்கிழமைக்குள் எனக்குச் சொல்லலாம். சொல்லாதவர்கள் பேரை வாசிக்க மாட்டேன். வியாதிக்காரர் ஜாபிதா இனிமேல் மாதந்தோறும் வீட்டாரைக் கேட்டுப் புதிதாய் எழுதப்படும். சம்பந்தம் பேசி நிறுத்திய அந்த வீட்டாருக்கு நானே ஒரு கடிதம் எழுதி, தப்பு என்னுடையதென்று சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. 13-ந் தேதி அந்தோனியார் அசனத்தில் பெண்கள் பந்திக்குச் சோறு பரிமாறுகிற பொறுப்பு யாருக்கென்று சபையாரிடம் தெரிவித்தாயிற்று. அவரும் சம்மதித்துவிட்டார். காலை பதினொரு மணிக்கு முதல் பந்தி.

உங்கள் பங்கு சுவாமியார்